இரண்டு வால் நட்சத்திரம், ஒரு பரிவட்டம்

2.4.86, புதன்

விடியலிலிருந்து மழை. ரப்பர் மரம் ஈரம், பால் எடுக்க முடியாது, அதனால் மரம் வெட்டு இல்லை. மருமகள் செல்வி மேசை முழுக்கக் கீரையைப் பரப்பி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் எழுந்து போனதும் உட்கார்ந்தேன்.

என் மனைவி போன பிறகு வீட்டில் சத்தம் குறைந்தது முதல் சந்தோஷம். எழுதப் படிக்கக் கற்றது இரண்டாவது. போன தீபாவளிக்குப் பிறகுதான் முழு வாக்கியம் வருகிறது. ஒரு பக்கம் எழுத ஒரு மாலை. இருக்கட்டும். எங்கே போகப் போகிறேன்.

மாலை வகுப்பு எடுக்கும் தமிழ்ப்பள்ளி டீச்சர் மெல்லிய புத்தகம் ஒன்று கொடுத்தார். 1910ஆம் வருடம் உலகத்தில் நடந்தவை மட்டும். "நீங்க பொறந்த வருஷம்தானே தாத்தா? அந்த வால் நட்சத்திரம் இப்ப திரும்பி வருது. படிச்சுப் பாருங்க."

அட்டையில் படம். முகர்ந்து பார்த்தேன். கரப்பான் வாசனை.

4.4.86, வெள்ளி

வெயில். மூட்டுவலி. மூன்று பக்கம் முடித்தேன். பிடித்தவை மட்டும்:

- கப்பல் தளத்திலிருந்து முதல் தடவையாக ஆகாய விமானம் பறந்தது. ஓட்டியவன் கடலில் விழுவான் என்று ஆசையாகப் படித்தேன். விழவில்லை.
- போர்த்துகல் ராஜாவை விரட்டிவிட்டார்கள். கப்பலில் ஏறி ஓடினார்.
- பாரிஸில் நியான் விளக்கு. கிள்ளான் டவுன் துணிக்கடை வாசலில் சிவப்பாக எரிகிறதே, அது என் வயது.
- போர்க்களத்தில் விளக்கோடு நடந்த வெள்ளைக்கார நர்ஸ் அம்மா இறந்தார். வயது தொண்ணூறு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால்தான் தொண்ணூறு.
- வால் நட்சத்திரத்தின் வாலில் விஷக்காற்று என்று பயந்து வெளிநாட்டில் மாத்திரை வாங்கித் தின்றார்கள். விற்றவன் அறிவாளி.
- லண்டனில் ரப்பர் விலை வானத்துக்கு ஏறியது. அந்த வருடம் என் அப்பாவுக்கு என்ன கூடியது என்று புத்தகத்தில் இல்லை. நான் கூடினேன்.

செல்வி: "மாமா, தனியா சிரிக்காதீங்க. பக்கத்து வீட்டுல ஒரு மாதிரி பாக்குறாங்க."

7.4.86, திங்கள்

இன்று கண்டுபிடித்தேன். சந்தோஷம் தாங்கவில்லை.

1910இல் வால் நட்சத்திரம் ஒன்றல்ல. இரண்டு. ஜனவரியில் ஒன்று, பட்டப்பகலிலேயே தெரிந்ததாம். மே மாதத்தில் மற்றது. இங்கிலாந்து ராஜா இறந்ததும் அதே மே மாதம்.

இதில் என்ன இருக்கிறது என்று முறையாக எழுதுகிறேன்.

எங்கள் மாரியம்மன் திருவிழாவில் தோட்டத்திலேயே மூத்த ஆணுக்குத் தலையில் பரிவட்டம் கட்டுவார்கள். தேர் லயம் லயமாக, தொழிலாளர் வரிசை வீடுகள் வழியாகப் போகும்போது அவன் முன்னால் போய் ஒவ்வொரு வாசலிலும் விபூதி பூசவேண்டும். எத்தனையோ வருடமாக அது எங்களை வேலை வாங்கிய பழைய மண்டோர் சின்னையாவுக்கு. (இனிமேல் சி. அவன் பெயருக்கு அவ்வளவு மை போதும்.) ஐ.சி. அடையாள அட்டையில் அவனுக்கும் 1910, எனக்கும் 1910. பதிவு செய்த அதிகாரி, பிறந்தபோது என்ன நடந்தது என்று கேட்டார். இருவரும் வால் நட்சத்திரம் என்றோம். மாதம் யாருக்கும் தெரியாது. அவன் மண்டோர், நான் மரம் வெட்டுகிறவன். அதனால் அவன் மூத்தவன்.

வாதம் வந்து சி.க்கு இடது பக்கம் விழுந்துவிட்டது. வலது கை மட்டும் மிச்சம். சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அவனை யாராவது தேடுவது. தை பிறந்ததும் மகள் லெட்சுமியிடம் கேட்பானாம்: "பரிவட்டத் துணியத் தொவைச்சியா?"

தனக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்த ஒரே காரணத்துக்காக என்னைக் "கைநாட்டு" என்று கூப்பிட்டவன். சம்பள நாளில் எல்லார் முன்னாலும். "கைநாட்டு, வெரல நல்லா தொடைச்சுட்டு வா."

இன்னொன்று. சாராயம் குடித்தால் அவன் சொல்லும் பெருமை: "நான் பொறந்த வாரம் இங்கிலாந்து ராஜாவே செத்துப் போனாருடா." ஊருக்கே தெரியும்.

அப்படியானால் சி. பிறந்தது மே மாதம்.

நான் ஏன் ஜனவரியாக இருக்கக் கூடாது?

10.4.86, வியாழன்

விடியற்காலை, ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்கு முன்னால் எல்லாரும் திடலில் நின்று வால் நட்சத்திரம் பார்த்தோம். தென்மேற்கே, செம்பனை மரங்களுக்கு மேலே. காதில் வைக்கும் பஞ்சு அளவு. வால் எங்கே என்று எல்லாரும் தேடினார்கள்.

ஒரு பையன்: "இதுக்கா எழுப்புனீங்க? ரவாங்கு டவுன்ல பேக்டரி லைட்டு இதவிட நல்லா தெரியும் லா."

சி.யையும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கழுத்து மேலே தூக்காது. லெட்சுமி தாடையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். "பாத்தேன், பாத்தேன்" என்றான். அவன் பார்த்தது பள்ளிக்கூடத்துக் கூரை விளக்கு. நான் திருத்தவில்லை.

13.4.86, ஞாயிறு

கோயில் கூட்டம். வேட்டி, வெள்ளைச் சட்டை. புத்தகத்தைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனேன்.

தலைவர் குமார், லோரி ஓட்டுகிறவன்: "சொல்லுங்க தாத்தா, என்ன விஷயம்?"

எழுந்து நின்று படித்தேன். வரிக்குக் கீழே விரல். ஜனவரி என்ற சொல்லுக்கே நேரம் பிடித்தது.

பின்னாலிருந்து ஒருவன்: "பெருசு, சீக்கிரம்! அடுத்த வால் நட்சத்திரம் வந்துரப் போவுது."

சிரிப்பு. நானும் சிரித்தேன். எனக்கு அவசரம் இல்லை. முழுதும் படித்துவிட்டுச் சொன்னேன்: "சின்னையா பொறந்தது ராஜா செத்த வாரம். அவரே சொன்னது. அது மே மாசம். எங்க அத்தை சொல்லும், நான் பொறந்தப்ப நட்சத்திரம் பட்டப்பகல்ல தெரிஞ்சுதுன்னு. அது ஜனவரி. நான்தான் மூத்தவன்."

(அத்தை அப்படிச் சொல்லவில்லை. வால் நட்சத்திரம் வந்த வருஷம் என்று மட்டும்தான் சொல்லும். பகல் என்பது நான் சேர்த்தது.)

லெட்சுமி எழுந்தாள். "சித்தப்பா, அப்பா இன்னும் எத்தன திருவிழா பாக்கப் போறாரு? விட்டுக்குடுக்கக் கூடாதா?"

"விட்டுக்குடுக்க இது பஸ்ஸு சீட்டா? இன்னிலேருந்து பெரியப்பான்னு கூப்பிடு."

நல்ல சிரிப்பு. பெண்கள் பக்கமும்.

அப்புறம் சி. பேசினான். வாய் கோணல். ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. "டேய்... நீ பொறந்தப்ப நான் குப்புற விழ ஆரம்பிச்சிருந்தேன்னு ஆத்தா சொல்லும். ஒங்க ஆத்தா பிரசவத்துலயே போயிருச்சு. எங்க ஆத்தாதான் ஒன்னையும் மடியில போட்டுப் பால் குடுத்துச்சு. ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நீ. வெளிய சொல்லாத, சொன்னா அவன் ஒன் முன்னால தல நிமிந்து நிக்க மாட்டான்னு ஆத்தா சொல்லிச்சு. இத்தன நாளு சொல்லல."

காற்றாடி மட்டும் கடகடவென்று.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கையில் புத்தகம் இருந்தது.

"அது புத்தகத்துல போட்டிருக்கா?" என்று கேட்டேன்.

ஒருவன் சிரித்தான். பிறகு பலர். சி. நாற்காலிக் கைப்பிடியை வலது கையால் தட்டினான், தட்டிக்கொண்டே இருந்தான். பேச்சு வரவில்லை. எச்சில்தான் வந்தது.

குமார் சி.யிடம்: "அச்சுல உள்ளத நாம எப்படி தாத்தா மாத்துறது? இந்த வருஷம் இவருக்கே கட்டிருவோம்."

14.4.86, திங்கள்

வருடப் பிறப்பு. புது வேட்டி. பாயசத்தில் முந்திரி இல்லை. செல்வி கோபத்தில் இருக்கிறாள் என்று அர்த்தம்.

"அவரு சொன்னது நெசமா மாமா?"

"ஒனக்கு எதுக்கு?"

ஆட்டுப்பால் குடித்து வளர்ந்தேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். யார் வீட்டு ஆடு என்று நான் கேட்டதில்லை. அந்தக் காலத்தில் லயத்தில் ஆடு இருந்ததாக யாரும் சொல்லிக் கேட்டதும் இல்லை.

பேனாவில் எழுதிவிட்டேன். இனி அழிக்க முடியாது.

17.4.86, வியாழன்

சி. சாப்பிடுவதில்லையாம். கஞ்சியும் வெளியே வருகிறதாம். எனக்கு நல்ல பசி. கருவாடு.

மாலை லெட்சுமி பரிவட்டத் துணியைக் கொண்டுவந்தாள். துவைத்து, இஸ்திரி போட்டு, வாழை இலையில் வைத்து.

"இந்தாங்க சித்தப்பா."

"பெரியப்பா."

கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

20.4.86, ஞாயிறு

திருவிழா. வெயில் கொளுத்தியது. எழுத உட்காரும்போது கால் வீக்கம், ஆனால் எழுதியாக வேண்டும்.

பூசாரி இறுக்கிக் கட்டினார். நெற்றி வலித்தது. அருமையான வலி. டீச்சர் போட்டோ எடுத்தார். குமார் காலில் விழுந்தான். முதல் லயத்தில் பெண்கள் வரிசையாக வந்து குனிந்தார்கள். என்னைத் திரும்பிப் பார்க்காதவர்கள் எல்லாம். நான் நடந்தே போனேன். என்னை யாரும் தள்ளவில்லை.

சி. வீடு மூன்றாவது லயத்தில் கடைசி. தாண்டிப் போய்விடலாம் என்றான் குமார். முடியாது என்றேன். எல்லா வாசலிலும் பூசவேண்டும், அதுதான் வழக்கம். அவன் எனக்கு எத்தனை வருடம் பூசியிருக்கிறான்.

வாசலில் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சட்டை பெரிதாகத் தொங்கியது. உள்ளே ஆள் குறைந்துவிட்டான். அவன் குனிவான் என்று நின்றேன். குனியவில்லை. விபூதியை எடுத்துக்கொண்டு நான்தான் குனிய வேண்டியிருந்தது.

குனிந்ததும் அவன் கையைத் தூக்கி என் தலையில் வைத்தான். பரிவட்டத்துக்கு மேலேயே. அழுத்தி.

"நல்லா இருடா, தம்பி."

மேளக்காரன் அடிப்பதை நிறுத்திவிட்டான். அந்த நாய் ஏன் நிறுத்தினான் என்று தெரியவில்லை. வரிசையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். ஒரு கிழவி கைகூப்பினாள், எனக்கல்ல.

விபூதி பூசினேன். நெற்றியில் பாதி, கண்ணில் பாதி. தெரிந்தேதான். கண்ணீர் கொட்டியது அவனுக்கு. துடைத்துக்கொள்ள இருப்பது ஒரே கை. அதை அவன் என் தலையிலிருந்து எடுக்கவில்லை.