கேள்வி ஒன்பதுக்கு இரண்டு மதிப்பெண்

செப். 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். மின்விசிறி சுற்றுகிறது, காற்று மட்டும் வரவில்லை. அலுவலக பிரிண்டரில் மை இல்லை. பக்கத்து அறையில் கெஞ்சி அச்செடுத்தேன்.

முடிந்தவை:
– செல்வம் அறிக்கை. கையெழுத்துப் போட்டு நீதிமன்றத்துக்கு அனுப்பியாயிற்று. வெள்ளிக்கிழமை விசாரணை.
– பயிற்சிக்குப் படிவ நகல்கள்.
முடியாதது: தோசை மாவு.

செல்வம் (இனி செ.). வயது 34, ஊர் செம்மங்குப்பம், கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. குடித்துவிட்டு பைக் ஓட்டி மாட்டியது இது இரண்டாவது முறை. ஜெயிலா, நன்னடத்தைப் பிணையில் வீடா என்று கோர்ட் முடிவு செய்வதற்கு முன், ஆள் எப்படி என்று விசாரித்து எழுத வேண்டியது நன்னடத்தை அலுவலராகிய நான். இப்போது அதற்கும் ஒரு படிவம் வந்துவிட்டது. பன்னிரண்டு கேள்விகள், மறுபடியும் செய்வானா என்பதற்கு மதிப்பெண். எட்டு வரை 'குறைந்த ஆபத்து'.

செ.வுக்கு ஏழு வந்தது. வாரம் ஒருநாள்தான் குடி. நிலையான வேலை. கேள்வி 9, குடும்பத்தோடு நேரம் செலவிடுகிறாரா? 'ஞாயிறுதோறும் ஆறு வயது மகளை வெளியே அழைத்துச் செல்லும் பாசமுள்ள தகப்பன்' என்று எழுதினேன். ஆம் என்றால் இரண்டு கழிக்க வேண்டும். கழித்தேன், ஒன்பது ஏழானது. எழுதும்போது மனசுக்கு இதமாகக்கூட இருந்தது.

நாளையும் மறுநாளும் சிதம்பரத்தில் இந்தப் படிவத்துக்குப் பயிற்சி. நடத்தப்போவது நான். என் தகுதி: சென்னையில் இதே பயிற்சியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். அதில் ஒரு மதியம் தலைவலி.

செப். 9, செவ்வாய்

பஸ்ஸில் நின்றுகொண்டே சிதம்பரம். இறங்கும்போது செருப்பு வார் அறுந்தது. ஊக்கு குத்தி நாள் முழுக்க இழுத்து இழுத்து நடந்தேன்.

வந்தவர்கள் பன்னிரண்டு பேர், எல்லோரும் என்னைப் போல நன்னடத்தை அலுவலர்கள். புரொஜக்டர் வேலை செய்யத் தொடங்கியது பதினொன்றே காலுக்கு. அதற்குள் டீ வந்துவிட்டது, எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். உள்ளே கூட்டி வருவதற்குள் தொண்டை வறண்டுவிட்டது.

கேள்வி 3: 'ஒரு முறையில் எத்தனை அலகு அருந்துகிறார்?' எவன் மொழிபெயர்த்தானோ.

"மேடம், குவார்ட்டர்னா எத்தன அலகு?" என்று கேட்டார் கலியபெருமாள். திட்டக்குடிக்காரர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது, வாயை அடக்க முடியாது. ஒரே சிரிப்பு. எனக்கும் பதில் தெரியாது. "அத அப்புறம் பாப்போம்" என்று அடுத்த ஸ்லைடுக்குத் தாவினேன். தாவியதை எல்லோரும் பார்த்தார்கள்.

சாப்பாட்டுக்குப் பின் பாதிப் பேர் தூக்கம். நான் யாருக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறேன்?

செப். 10, புதன்

மழை வருவதுபோல் பாவனை, வரவில்லை. புதுச் செருப்பு கடிக்கிறது.

இன்று மாதிரி வழக்கு. செ.வின் கதையைத்தான் பெயர் மாற்றி, குமார் என்று கொடுத்தேன். ஆளாளுக்குத் தனியாக மதிப்பெண் போடச் சொன்னேன். பதினோரு பேர் ஏழு. அத்தனை பேருக்கும் ஒரே விடை! இரண்டு நாளில் முதல்முறையாகச் சந்தோஷம்.

ஒருவர் மட்டும் மொத்தத்தைக் காலியாக விட்டிருந்தார். ஷாஹிதா, பரங்கிப்பேட்டைக்காரர், வேலைக்கு வந்து ஆறு மாதம்.

"ஏன் போடல?"

"ஞாயித்துக்கெழம எங்க குடிக்கிறாரு, குடிச்சிட்டு எப்புடி வீட்டுக்கு வர்றாருன்னு இல்லியே மேடம்."

"அது படிவத்துல கெடையாது. இருக்கறதுக்குப் போடுங்க."

உடனே கலியபெருமாள்: "அந்தப் பொண்ணு கேக்கறது சரிதான் மேடம். எங்க தெருவுல ஒருத்தன் தெனம் குடிக்கிறான். கட நாலு வீடு தள்ளி. நடந்து போவான், நடந்து வருவான், வரலன்னா தூக்கிட்டு வருவாங்க. இந்தப் படிவத்துல அவனுக்குத்தான் மார்க் ஜாஸ்தி. ஆனா அவங்கிட்ட சைக்கிள்கூட இல்ல."

மறுபடியும் சிரிப்பு. "நேரமாயிடுச்சி" என்று நாலு மணிக்கே முடித்தேன். எரிச்சல்.

திரும்பும் பஸ்ஸில் செம்மங்குப்பம் தாண்டும்போது அந்தக் கெமிக்கல் நாற்றம். கைக்குட்டையை மூக்கில் வைத்தபோதுதான் உறைத்தது. செ. மாட்டியது பாண்டி ரோடு செக்போஸ்ட்டில். வீடு டவுனுக்குத் தெற்கே, பிடிபட்டது வடக்கே. இரண்டு முறையும் ஞாயிறு. போலீஸ் தாளில் தெளிவாக இருக்கிறது. நானும் படித்தேன். படித்து என்ன பயன்? குடியைப் பற்றிக் கேட்டேன், குணத்தைப் பற்றிக் கேட்டேன், வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஞாயிறு அவன் மகளை அழைத்துப் போகும் நாள் என்று எழுதியவளும் நான்தான்.

செப். 11, வியாழன்

அரை நாள் லீவு. செம்மங்குப்பம் போனேன். போன முறை மாமியார், அடுத்த வீட்டுக்காரர், தெருவில் பாதி என்று எல்லோரையும் சுற்றி நிறுத்திக்கொண்டு செ.வின் மனைவி மகேஸ்வரியிடம், "நல்லா பாத்துக்கறாராம்மா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்டால் வேறு என்ன சொல்வாள்? இன்று மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். மகேஸ்வரி மட்டும்தான். துணி துவைத்துக்கொண்டே பேசினாள்.

"ஞாயித்துக்கெழம எங்க போவாரு?"

"பாண்டி பார்டருக்கு மேடம், அங்க சரக்கு வெல கம்மி. ஆத்துப் பாலம் தாண்டி. எங்க அண்ணனும் வரும். மாமனும் மச்சானும் சேந்தா அங்கதான்."

"பாப்பா?"

"பாப்பாவ நாந்தான் மேடம் கூட அனுப்பறேன். புள்ள பக்கத்துல இருந்தா ஜாஸ்தி குடிக்க மாட்டாரு, சீக்கிரம் வந்துடுவாரு. வண்டில முன்னாடி ஒக்காந்துக்கும். கொழந்தய வச்சிருந்தா போலீசும் ஊதச் சொல்ல மாட்டாங்களாம். அவரு ரெண்டு தடவ மாட்டுனப்பவும் பாப்பாவுக்குக் காய்ச்சல். அது போவல. அதான் புடிச்சிட்டாங்க."

பெருமையாகச் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. தனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பைச் சொன்னாள், அவ்வளவுதான். மாட்டியது இரண்டு முறை. மாட்டாமல் அந்தக் குழந்தை முன்னால் உட்கார்ந்து வந்தது எத்தனை ஞாயிறு?

மதியம் மேலதிகாரியிடம் ஓடினேன். அறிக்கையைத் திருப்பி வாங்க வேண்டும், மதிப்பெண் தவறு என்றேன்.

"பயிற்சி குடுத்தவங்களே மார்க்க மாத்துனா எப்புடி மேடம்? பன்னெண்டு பேர்ல பதினோரு பேர் கரெக்டா போட்டிருக்காங்கன்னு நான் மேல எழுதிட்டேன். நாளைக்கு கோர்ட்டுல போய் நில்லுங்க. கேட்டா சொல்லுங்க."

"கேக்கலன்னா?"

"வந்துடுங்க."

கதவை அறைந்து சாத்த நினைத்தேன். அது தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. அந்தத் திருப்திகூட இல்லை.

செப். 12, வெள்ளி

கோர்ட். பன்னிரண்டரைக்குத்தான் கூப்பிட்டார்கள். செ. வெள்ளைச் சட்டையில், படிய வாரிய தலையோடு. அவன் வக்கீல் என் அறிக்கையை உரக்கப் படித்தார். 'பாசமுள்ள தகப்பன்' வந்ததும் நிறுத்தி, இன்னொரு முறை படித்தார். என் வரி. காது சுட்டது.

யாரும் என்னைக் கேட்கவில்லை. நானே மாஜிஸ்திரேட் முன் எழுந்து நின்றேன்.

"அம்மா, அந்த வரியாலதான் ஆபத்து கொறைவுன்னு வந்துச்சி. அந்த வரி தப்பு." மகேஸ்வரி சொன்னதைச் சொன்னேன்.

"எழுத்துல இருக்கா?" என்றார் வக்கீல். இல்லை. மாஜிஸ்திரேட் அம்மா என்னையும் பார்த்தார், தாளையும் பார்த்தார். ஒரு வருஷம் நன்னடத்தைப் பிணை, என் மேற்பார்வையில். லைசென்ஸ் நிறுத்தம். (லைசென்ஸ் இல்லையென்றால் வண்டி கிளம்பாதா என்ன?) எத்தனை நாளுக்கு ஒருமுறை வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று என்னைக் கேட்டார்.

"ஞாயிறுதோறும் சாயந்திரம் நாலு மணிக்கும்மா. வண்டி எடுக்காம."

"ஞாயிறு உங்களுக்கு லீவாச்சே?"

"பரவால்லம்மா."

எழுதிக்கொண்டார். மொத்தச் சண்டையில் எனக்குக் கிடைத்தது இந்த ஒரு வரி. வெளியே படிக்கட்டில் மகேஸ்வரி. நம்பிச் சொன்னதைக் கோர்ட்டில் போட்டு உடைத்தவள் நான். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

செப். 13, சனி

மேலதிகாரியிடமிருந்து ஒரு தாள். என் பயிற்சி 'சிறப்பாக அமைந்ததாம்'. அடுத்த மாதம் விழுப்புரத்திலும் நடத்த வேண்டுமாம், இதே படிவம். ஷாஹிதாவுக்கு போன் போட்டு, நீங்கள் காலியாக விட்டதுதான் சரி என்றேன். "அய்யோ மேடம்" என்று பதறினார். தோசை மாவு வாங்கினேன், புளித்திருந்தது.

செப். 14, ஞாயிறு

நல்ல வெயில். மூன்றரைக்கே அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்தேன். ஞாயிறும் வேலையா என்று என் கணவர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார்.

4.00. இல்லை.
4.20. இல்லை. பாலத்துப் பக்கம் போய்ப் பார்க்கலாமா? போனால் என்ன செய்ய முடியும்?
4.40. வந்தான். பஸ்ஸில். கையில் இரண்டு டிக்கெட், கேட்காமலே காட்டினான். கூடவே மகள், யாழினி. மஞ்சள் கவுன், இரட்டைச் சடை.

"வாரத்துல ஒரு நாளு, அதயும் புடுங்கிட்டீங்க" என்றான் செ. பேனாவைப் பிடுங்குவதுபோல் வாங்கினான். வாயில் வாடை இல்லை. முகர்ந்து பார்த்தேன், வெட்கமில்லாமல்.

அவன் கையெழுத்துப் போடும்வரை குழந்தையிடம் சும்மா கேட்டேன். "பஸ் புடிச்சிருந்துச்சா?"

"ம்ஹூம். பஸ்ல எனக்கு வேலயே இல்ல."

"வண்டில என்ன வேல ஒனக்கு?"

"திரும்பி வரும்போது அப்பா தூங்கிடுவாருல்ல. நாந்தான் ஹாரன் அடிச்சி எழுப்புவேன்."

செ.வின் பேனா பாதிப் பெயரில் நின்றுவிட்டது.