ஏற்றத்தில் இறங்குகிறவள்

1956 டிசம்பர் 2, ஞாயிறு

சூயஸ் சண்டையால் தீவு முழுக்கப் பெட்ரோல் விலை மறுபடி ஏறிவிட்டது. ஆபீசில் பாதிப் பேர் பஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். நான் மாற மாட்டேன். வக்குவாவில் எங்கள் தெருவில் கார் வைத்திருக்கும் தமிழன் நான் ஒருவன்தான். ஓட்டுகிற விதத்தை மாற்றினால் போதும். இன்று, வாராவாரம் போல, கீழே போர்ட் லூயிப் பக்கம் சாந்த் குருவாவில் மாமியார் வீட்டுக்குப் போகும்போது இறக்கம் முழுக்க எஞ்சினை அணைத்துவிட்டேன். காமாட்சி கதவைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பயந்தாங்கொள்ளி.

டிசம்பர் 9

இறக்கத்தில் மிச்சம் பிடிப்பதைத் திரும்பும்போது ஏற்றம் தின்றுவிடுகிறது. பாரம்தான் காரணம். கொரொமாண்டெல் ஏற்றத்தின் அடியில் காமாட்சியை இறங்கச் சொன்னேன்.

"வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டா?"

நடந்தால் பிரசவம் சுலபம் என்று அவள் அம்மாவே சொல்லியிருக்கிறாள். மேலே காத்திருந்தேன். வந்து சேர்ந்தாள்.

டிசம்பர் 16

இறங்கினாள். நடந்தாள். பழகிவிட்டது.

1957 ஜனவரி 6

கொளுத்துகிற வெயில். காமாட்சியை இறக்கிவிட்டுப் பாதி ஏற்றம் வந்தேன். எங்கள் ஹெட் கிளார்க் மிஸ்யே பாட்ரிக், பழுதாகி நின்ற தன் காருக்குப் பக்கத்தில் மனைவியோடு நின்றுகொண்டிருந்தார். பார்த்தும் எப்படிப் போவது? இருவருமே கனத்த உடம்பு. வக்குவாவில் அவர்கள் வீட்டுவாசல் வரை கொண்டுபோய் விட்டேன்.

"தனியாவா வரீங்க, தனராஜ்?" என்று மதாம் பாட்ரிக் கேட்டார்.

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

காமாட்சி இருட்டியபின் யாரோ ஒருவரின் காய்கறி லாரியில் வந்து இறங்கினாள். கால் வீங்கியிருந்தது.

"மேல வந்து பாத்தேன். நீங்க இல்ல."

மிஸ்யே பாட்ரிக்கைப் பற்றிச் சொன்னேன்.

"அவங்க பாரம் இல்லையா?"

டாங்கில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கப் போனேன்.

ஜனவரி 13

நான் சொல்லும் முன்பே இறங்கினாள். மேலே காத்திருந்தேன். போர்ட் லூயி பஸ் ஒன்று என்னைத் தாண்டி இறங்கியது. எட்டிப் பார்த்தேன். பாதி ஏறியிருந்தவள் கை காட்டினாள். பஸ் நின்றது. ஏறிக்கொண்டாள். ஒருதடவைகூட மேலே பார்க்கவில்லை.

பின்னால் போயிருக்கலாமோ? போனால் திரும்பி ஏற வேண்டும். வீட்டுக்கு வந்துவிட்டேன். திமிர். தானாக வருவாள்.

ஜனவரி 20

அவள் அண்ணன் விநாயகம் அவள் அம்மா வீட்டிலிருந்து வந்தான், அவள் துணிமணிகளை எடுத்துப்போக.

"எறக்கந்தானே மச்சான், எஞ்சினை அணைச்சிட்டே வந்து கூப்பிட்டிருக்கலாமே."

"திரும்பி ஏறணுமே" என்றேன்.

 விநாயகம் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான். காரில் கொண்டுவிடச் சொல்லி அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 11

மிஸ்யே பாட்ரிக் இப்போது தினமும் என் காரில்தான் ஆபீசுக்கு வருகிறார். பெட்ரோல் காசைப் பற்றி வாய் திறப்பதில்லை.

மே 14

பெண் குழந்தையாம். விநாயகம் ஆபீஸ் வாசலில் சொல்லிவிட்டுப் போனான்.

ஜூலை 7, ஞாயிறு

பெட்ரோல் விலை இறங்கிவிட்டது. டாங்கை நிரப்பிக்கொண்டு சாந்த் குருவா போனேன். இறக்கத்தில்கூட எஞ்சினை அணைக்கவில்லை. காமாட்சி வாசலுக்கு வந்தாள். உள்ளே குழந்தை அழுதது.

"வெல எறங்கிடுச்சு. வா, போகலாம்."

"மறுபடி ஏறுனா?"

நான் யோசிப்பதற்குள் கதவைச் சாத்திவிட்டாள்.

திரும்பும்போது கொரொமாண்டெல் ஏற்றத்தில் வண்டி ஒருதடவைகூடத் திணறவில்லை.