நிற்காத கொட்டாவி

அந்தக் கொட்டாவிப் படம் நான் பண்ணினதுதாங்க, சாமி சத்தியமா வேணும்னு அனுப்பல. உடம்பு நல்லா இருக்கீங்களா? நான் வேலை செய்யற வீட்டுப் பொண்ணு கம்ப்யூட்டர்ல இலவச சாஃப்ட்வேர் ஒண்ணு காட்டுச்சு. வீடியோவுல பேசினப்ப எடுத்த உங்க நாலு படத்தை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கினேன், நீங்க அசைஞ்சீங்க! ஒரு தடவையோட நிறுத்தச் சொல்ல மறந்துட்டேன், ஓயாம கொட்டாவி விடறீங்க. எனக்குன்னு பண்ணினது கைதவறி சொந்தக்காரங்க குரூப்புக்குப் போயிடுச்சு. "அண்ணி, அண்ணனை வாயை மூடச் சொல்லுங்க, கொசு போகுது"ன்னு உங்க தம்பி கேலி பண்றாரு. நாலு நாளா நீங்க போனே எடுக்கல, அதான் வாய்ஸ் மெசேஜ்ல பேசறேன். தப்புதான், மன்னிச்சிருங்க. தினமும் சாமி கும்பிட்டதும் அதைத்தான் பார்க்கறேன். பார்த்துப் பார்த்துதான் தெரிஞ்சது, உங்க சட்டையில ரெண்டாவது பட்டன் இல்ல. யாரையாவது தைச்சுத் தரச் சொல்லுங்க. அடுப்புல பால் இருக்கு, வைக்கறேன்.

ஐயோ, அந்தப் பட்டன் அங்க நம்ம வீட்டு சாமி படத்துக்குப் பின்னாடி டப்பாவுல இருக்குங்க. இங்க வேலைக்குக் கிளம்பி வர்றதுக்குள்ள தைச்சிடணும்னு நான்தான் எடுத்து வச்சேன்.