பேக்கரிச் சூட்டில் காய்ந்த விரிப்புகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அதேபோல் நன்றாக இருக்க வேண்டும் என்பதுதான் எந்நேரமும் நினைப்பு. கை ஈரம்கூடக் காயவில்லை, அதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன், சேதி அப்படி.

மழையில் நம் சலவைக்கூடம் பட்ட பாட்டை நீ கவலைப்படுவாய் என்று போனில் முழுசாகச் சொல்லவில்லை. மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் காயவே இல்லை, தலைமை நர்ஸ் ஒன்றை என் கையில் திணித்து, இதுல நோயாளிய எப்படிக்கா படுக்க வைக்கிறது, இனியும் இப்படின்னா வேற ஆளப் பாத்துக்கறேன் என்று சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வேலை போனால் நம்மிடம் இருக்கும் பெண்களில் பாதிப் பேரை நிறுத்த வேண்டியதுதான், எனக்குச் சோறு இறங்கவில்லை. போதாததற்குப் பக்கத்து பேக்கரிக்காரரின் புகைபோக்கிக் கரி வேறு வெள்ளைத் துணியில் விழுந்தது. அப்பா உம்மணாமூஞ்சி என்பாரே, அவர்தான். சண்டை போடப் போனவள் அடுப்பறையில் கால் வைத்ததும் சுற்றிப் பார்த்தேன். பின்சுவர் அனலாய்க் கொதிக்கிறது, ஆட்கள் வியர்வையில் குளித்து நிற்கிறார்கள், அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் நம் ஈரத்துணி. கரியை மறந்து, இந்தச் சூட்ட எனக்குக் குடுங்கண்ணே என்றேன். நீ பொழச்சுக்குவ, எனக்கென்ன கெடைக்கும் என்று முறைத்தார். நியாயமான கேள்விதானே, வீட்டுக்கு வந்தும் அதே யோசனை. நம் வண்டி தினமும் காலையில் மருத்துவமனைக்குப் போகிறது, முன்பக்கம் காலி. அவரிடம் வண்டி இல்லாததால்தான் அங்கே உள்ள கேன்டீனுக்கு ரொட்டி கொடுக்க முடியவில்லை. மறுநாள் போய், சூடு உங்களுது, வண்டி என்னுது என்றேன். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

கொத்தனார் சுவரைத் துளைத்துக் குழாய் வைத்தார், புகைபோக்கியையும் உயர்த்திக் கட்டினார். இப்போது புகை மேலே போய்விடுகிறது, சூடான காற்று மட்டும் நம் அறைக்கு வருகிறது. அங்கே ஆட்கள் மூச்சு விடுகிறார்கள், இங்கே விரிப்பு மொறுமொறுவென்று காய்கிறது, கேன்டீனில் ரொட்டி மிச்சமாவதே இல்லையாம். நர்ஸ் விரிப்பைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பிரசவ வார்டுத் துணியையும் நீங்களே எடுத்துக்கங்கக்கா என்றாள். இனி அவர்கூட உன்னால சண்டையே போட முடியாதே என்று அப்பாவுக்குக் கேலி. நேற்று பேக்கரிக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நம் பெண்கள் தாங்களாகவே போய் மாவு பிசைந்தார்கள், அடுப்பு அணையவில்லை. அதை உனக்குச் சொல்லத்தான் கை ஈரத்தோடு உட்கார்ந்தேன் கண்ணு.

பல்வலிக்கு டாக்டரைப் பார்க்காமல் மாத்திரையிலேயே ஓட்டாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாய் வாழுங்கள்.

என்றும் உன் நினைப்பில்,
அம்மா