எண்பத்தாறாம் நாள் டிக்கெட்

ஜீவனஹள்ளி, பெங்களூரு
ஞாயிறு காலை

அன்பு மகள் இளவேனிலுக்கு அப்பா எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும். முதல் பாதி பொய்யாகிவிடும், இரண்டாம் பாதியை மட்டும் எடுத்துக்கொள். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்வதைத் திருத்துகிறாள், அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். கால்கரியில் பனி கொட்டுகிறதாமே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே தெருவை மறுபடியும் தோண்டிவிட்டார்கள். போன தடவை எதற்குத் தோண்டினோம் என்று பார்ப்பதற்காக இருக்கலாம்.

அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நடக்கிறது. ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் எதுவும் குடிக்கக் கூடாது என்று சொன்னார்கள். கணக்கு டீச்சராக இருந்தவள் அதை வெறும் பேச்சாக விடுவாளா, 2க + ர + த ≤ 1000 என்று சீட்டில் எழுதி பிரிட்ஜில் ஒட்டினாள். க காபி, ர ரசம், த தண்ணீர். காபி வேளைக்கு நூற்றைம்பது மில்லி, ரசம் நூறு, ஆகவே த ≤ 600 என்று அடியிலேயே தீர்த்தும் வைத்தாள். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்திய நான் அதைச் சமக்குறி என்றே படித்தேன். தினமும் பாட்டிலில் அறுநூறு ஊற்றிவைப்பேன். அவள் நாக்கை அடக்கி நானூறோடு நிறுத்தினாலும் சாயங்காலம் மிச்சத்தை நீட்டி, கணக்கு முடியட்டும், குடிச்சிடு என்பேன். மறுபேச்சில்லாமல் குடிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என் பேச்சை அப்படிக் கேட்டதே இல்லை, அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு மூச்சிரைப்பு அதிகமான அன்று டயாலிசிஸ் நர்ஸ் மௌரீன் எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, ஐயோ அங்கிள், அது லிமிட்டு, டார்கெட்டு இல்ல, மிச்சம் இருந்தா இருந்துட்டுப் போகட்டும் என்றாள். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், ஏண்டி சொல்லலை என்று கேட்டேன். முதல் நாளே பார்த்தேங்க, சொன்னா அந்த ரெண்டு மடக்கும் போயிடுமே, அவ்வளவு தாகம் என்றாள். குறியைத் தப்பாகப் போட்ட பிள்ளைகளிடம் முழு மார்க்கையும் பிடுங்கியவள்தான். அதனால ஒண்ணும் ஆகலை சார், ஹார்ட் முன்னாடியே வீக் என்று டாக்டர் கஸ்தூரிரங்கன் சொல்கிறார். நல்ல மனிதர், ஆகவே முழுதாக நம்ப முடியவில்லை.

மூணு மாசத்துக்கு மேல எதிர்பார்க்காதீங்க என்று சொன்னவரும் அவர்தான். அன்றைக்கே உனக்குச் சொன்னேன். நீ லீவையெல்லாம் சேர்த்து எண்பத்தாறாம் நாளுக்கு டிக்கெட் போட்டுவிட்டு, இன்னும் நாலு நாள் கையில இருக்குப்பா என்றாய். உன்னைக் குறை சொல்லவில்லை, நீ என் மகள், எனக்கு வந்த தவறு உனக்கும் வந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் இல்லை என்றால் மூன்று மாதம் உண்டு என்று ஆகாது. எண்பத்தாறும் விடை, நாற்பதும் விடை, நாளை மறுநாளும் விடை. இன்று இருபத்திரண்டாம் நாள். நேற்று அவள் குளியலறையிலிருந்து கட்டிலுக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். கேட்டால், பிள்ளை வேலையைக் கெடுக்காதீங்க, சௌகரியப்பட்டப்ப வரட்டும் என்கிறாள். சொல்லிவிட்டு, கேட் திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்குகிறாள். தண்ணீர் கேன்காரர்தான் வருகிறார்.

இந்த வாரமே கிளம்பு. பெரிய பெட்டி வேண்டாம், பாஸ்போர்ட்டை மறக்காதே. நீயும் மாப்பிள்ளை பாலகுமாரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ வேண்டும். தேதியை மாற்ற முடியாது என்று விமானக் கம்பெனி சொன்னால் உடனே தெரிவி. இந்தப் பக்கத்துத் தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று நான் கேட்டுப் பார்க்கிறேன். ஆனால் அங்கே எனக்குச் செல்வாக்குப் போதாது, மகளே.

உன் வரவை எதிர்பார்க்கும்
அப்பா ஆதிகேசவன்