தவளை வயிற்றில் ஹார்ன்

அன்புள்ள மகாராணிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் நலம். கடிதம் எழுதுகிற எல்லாரும் முதலில் இதைத்தான் எழுதுவார்கள், ஆனால் இந்தத் தடவை நான் நிஜமாகவே எழுதுகிறேன். அதனால் பார்சலைப் பிரித்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்காதே. உட்கார். தண்ணீர் குடி. நல்ல செய்திதான். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். நீ பாட்டுக்குக் கடைசிப் பக்கத்துக்குத் தாவினால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடுகிறது, என்ன செய்ய? நீ வேலைக்கு நடுவில் வார்டு வாசலில் நின்றபடி பேசும்போது இங்கே ஒரு தடியன் ஓவென்று அழுதால் நீ என்ன நினைப்பாய்? உயிரே போயிருக்கும் உனக்கு. அதோடு, பார்சலில் இருக்கிற புத்தகம் கையில் இருந்தால்தான் இந்தக் கதை புரியும். அதை இப்போதே திறக்காதே. நான் சொல்லும்போது திற.

முதலில் வீட்டுச் சமாச்சாரம். குளியலறைக் குழாய் ஒழுகுவதை நானே சரிசெய்துவிட்டேன். இப்போது சமையலறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்றுதான் மாடி வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் நம்பவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நம் கட்டெறும்பு அவர் வீட்டில்தான் இருக்கிறாள். என் சமையலைப் பற்றி அவரிடம், "அப்பா சமைச்சா பாத்திரம் மட்டும்தான் நல்லா இருக்கும்" என்று சொல்லியிருக்கிறாள். அக்கா அதை எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். இவ்வளவு வாய் பேசுகிறவளுக்கு என்ன ஆகிவிட்டதோ என்றுதான் நாம் இரண்டு பேரும் ஒரு வருடமாக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

போன வருடம் அவளைப் படுக்கையில் போட்ட அந்த மூளைக் காய்ச்சலைப் பற்றி நாம் பேசுவதே இல்லை, கவனித்தாயா? நீ கேட்பதில்லை, நான் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த அன்று டாக்டர் சொன்னார் அல்லவா: நடை வந்துவிட்டது, பேச்சு வந்துவிட்டது, மற்றது போகப் போகத்தான் தெரியும், எழுத்துக் கூட்டிப் படிக்கிறாளா என்று பாருங்கள் என்று. அந்த ஒரு பேச்சு முள் மாதிரி உள்ளேயே கிடந்தது. நீ வேலைக்குச் சேர வேண்டிய நாள் வந்ததும் அதையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினாய். நான் என் பங்கை இங்கே வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் டீச்சர் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு வரச் சொன்னார். உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் அடுத்த விமானத்திலேயே ஏறியிருப்பாய். போனேன். சின்ன நாற்காலி, முழங்கால் தாடையில் இடிக்கிறது. டீச்சர் தங்கமானவர். எங்கள் பிரஸ்ஸில் அச்சடித்த புத்தகம் ஒன்றையே கட்டெறும்பிடம் கொடுத்தார். கார்ட்டூன் படம் பெரிதாக, கீழே இரண்டு வரி எழுத்து, சின்ன வகுப்புப் பிள்ளைகள் தாங்களாகவே படிக்கிற புத்தகம். இவள் கடகடவென்று படித்தாள். நான் மீசையை முறுக்கிக்கொண்டேன். அப்புறம் டீச்சர் ஒரு காகிதத்தை எடுத்துப் படத்தை மூடினார். எழுத்து மட்டும் தெரிந்தது. இவள் வாயை மூடிக்கொண்டாள். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், ஒரு சத்தம் இல்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளை விளையாட அனுப்பிவிட்டு டீச்சர் மெதுவாகச் சொன்னார். "இவ படிக்கலை சார். படத்தைப் பார்த்துக் கதை சொல்றா. ஞாபகத்துல இருந்து ஒப்பிக்கிறா. காய்ச்சலுக்கு அப்புறம் டாக்டர் எதாவது சொன்னாரா? ஒரு தடவை பெரிய டாக்டர்கிட்ட காட்டிடுங்களேன்" என்றார். அடுத்த வருடமும் ஒன்றாம் வகுப்பிலேயே உட்காரட்டும் என்றும் சொன்னார். ஞாபகத்திலிருந்து ஒப்பிக்காமல் என்ன செய்வாள்? அவள் படுக்கையில் கிடந்த நாட்களில், நாங்கள் அடித்த புத்தகம் அத்தனையையும் நான்தானே அவளுக்குத் தினமும் படித்துக் காட்டினேன். "தானாவே படிக்கிறா!" என்று போனில் உன்னிடம் பெருமை வேறு அடித்தேன்.

வீட்டுக்கு வந்து நானும் சோதித்துப் பார்த்தேன். உள்ளங்கையால் படத்தை மறைத்துக்கொண்டு, படிடா கண்ணு என்றேன். அதே ஊமைத்தனம். கோபத்தில் கத்திவிட்டேன். அவள் அழவில்லை, என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

இனி பிரஸ் கதை. எங்கள் வேலை உனக்குத் தெரியும். ஒரே படம் நாலைந்து மொழிப் புத்தகத்துக்குப் போகும். அதனால் வண்ணப் படங்களை மொத்தமாக முதலில் அடித்து அடுக்கிவிடுவோம். எழுத்தை அந்தந்த மொழியில் கறுப்பு மையில் கடைசியாக அடிப்போம். அந்த வாரம் மெஷின் பக்கத்தில் தவளைப் புத்தகத்தின் படங்கள் அடுக்கியிருந்தன. தவளைக்கு ஜலதோஷம் பிடிக்கிற கதை, பழைய புத்தகம், நம் வீட்டில் அது மனப்பாடம். அதோடு ஒரு புதுப் புத்தகமும் வந்திருந்தது, பஸ் டிரைவரைப் பற்றி. நானே அதைச் சரியாகப் பார்க்கவில்லை. கை பாட்டுக்கு வேலை செய்தது, தலை அந்தச் சின்ன நாற்காலியிலேயே இருந்தது. பஸ் புத்தகத்தின் எழுத்துப் பிளேட்டை மாட்டி, தவளைப் படங்களின் மேல் ஓட்டிவிட்டேன். ஒரு அடுக்கு முழுக்க.

பைண்டிங் பெண்கள் மடித்துத் தைக்க ஆரம்பித்த பிறகு, அங்கேயிருந்து ஒரே சிரிப்புச் சத்தம். முதலாளி போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் மூக்கு செக்கச்செவேல். "ஏம்பா, தவளைக்கு டிரைவிங் லைசென்ஸ் எப்பக் குடுத்தாங்க?" என்று ஆரம்பித்தவர் அரை மணி நேரம் விடவே இல்லை. அசடு வழிய நின்றேன். இந்தப் படங்களை வரைகிற அம்மா இருக்கிறாரே, அவர் அதற்கும் மேல். அவர் தவளையை நான் கேவலப்படுத்திவிட்டேனாம். இன்றுவரை என்னோடு பேச்சு இல்லை. நானும் போய் மன்னிப்புக் கேட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். போகட்டும்.

தைத்து முடித்த ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்தேன். அவளுக்குத் தவளை என்றால் உயிர், படமாவது பார்க்கட்டும், எழுத்து எப்படி இருந்தால் இவளுக்கென்ன என்று நினைத்தேன். ஆமாம், அப்படித்தான் நினைத்தேன். அவ்வளவு மனம் விட்டுப்போயிருந்தது.

இப்போது புத்தகத்தைத் திற. மூன்றாம் பக்கத்தை எடு. காக்கா டாக்டர் தவளையின் வயிற்றை விரலால் அமுக்கிப் பார்க்கிறது அல்லவா? கீழே என்ன போட்டிருக்கிறது, படி. "டிரைவர் ஹார்னை அழுத்தினார். பாம்! பாம்!"

நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்திலிருந்து ஏதோ சத்தம். இருமுகிறாள் என்று நினைத்தேன், புரையேறிவிட்டதோ என்று ஓடினேன். தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு சிரிக்கிறாள். மூச்சு வாங்கச் சிரிக்கிறாள். "அப்பா! அப்பா! டாக்டர் காக்கா தவளை வயித்துல ஹார்ன் அடிக்குது!" என்றாள்.

கரண்டியோடு அப்படியே நின்றேன். புரிகிறதா உனக்கு? படத்தில் ஹார்ன் இல்லை. டிரைவர் இல்லை, பஸ் இல்லை. நான் அந்தப் பஸ் கதையை அவளுக்குச் சொன்னதும் இல்லை. அந்த வார்த்தை எழுத்தில் மட்டும்தான் இருக்கிறது. எழுத்திலிருந்துதான் எடுத்திருக்கிறாள், உன் மகள்!

எதுவும் கேட்டுவிடக் கூடாது என்று மட்டும் தோன்றியது. சும்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளே பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த படத்தில் தவளை ஆவென்று வாயைத் திறக்கிறது, காக்கா டார்ச் அடித்து உள்ளே பார்க்கிறது. இவள் எழுத்துக்குக் கீழே விரலை வைத்து, உதட்டை அசைத்து, "கதவு... திறந்தது. பத்துப் பேர்... ஏறி...னார்கள்" என்று படித்துவிட்டு, தவளை வாய்க்குள் யார் யார் ஏறினார்கள் என்று என்னைக் கேட்டு மறுபடி உருண்டாள். தவளை கன்னத்தை உப்பிக்கொண்டு தும்மப் போகிற பக்கத்தில் 'டயர் பஞ்சர்' என்று இருக்கிறது. அந்த 'ஞ்' அவளைப் படாத பாடு படுத்தியது. மூன்று தடவை முட்டி மோதிப் பிடித்துவிட்டாள். நான் சிரித்தேனா அழுதேனா எனக்கே தெரியாது. அடுப்பில் இருந்தது கருகிப்போய், மாடி வீட்டு அக்கா வாசனை பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் அவளைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார்.

எங்கே படிக்கக் கற்றுக்கொண்டாய் என்று அவளைக் கேட்டேன். என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "ஸ்கூல்லதான்பா. வேற எங்க சொல்லித் தருவாங்க?" என்றாள்.

மறுநாள் காலையிலேயே புத்தகத்தோடு போய் டீச்சர் முன்னால் நின்றேன். அவர் கெட்டிக்காரர், பார்த்ததுமே பிடித்துக்கொண்டார். எதையும் மூடவில்லை. "இந்தப் புத்தகம் எனக்கு ஒண்ணுமே புரியலைம்மா, நீ கொஞ்சம் சொல்லேன்" என்று வகுப்புக்கு நடுவில் அவளிடம் கொடுத்தார். ஹார்ன் பக்கம் வந்ததும் வகுப்பே மேசையைத் தட்டிச் சிரித்தது. நான் வெளியே வராந்தாவில் நின்றேன், சத்தம் கேட்டது. டீச்சர் வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டாம் வகுப்புக்கே போகட்டும் சார்" என்றார். அதோடு, கெட்டுப்போன அந்தப் புத்தகங்கள் மீதி இருந்தால் வேண்டும் என்றும் கேட்டார். இதில் எந்தப் பிள்ளையும் படத்தைப் பார்த்து ஏமாற்ற முடியாதாம். முதலாளியிடம் கேட்டேன். "மூட்டையாத் தூக்கிட்டுப் போ, என் கண்ணுல படக் கூடாது" என்றார்.

கணக்கு இன்னும் தகராறுதான். அது காய்ச்சல் இல்லை, என் ரத்தம். டாக்டரிடம் அடுத்த மாதம் காட்ட வேண்டியதைக் காட்டத்தான் போகிறேன். ஆனால் இந்தத் தடவை பஸ்ஸில் உட்கார்ந்து சாமியை வேண்டிக்கொண்டே போக மாட்டேன், ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போவேன்.

இனி சொல்லப் போவதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, இந்தப் பக்கத்தை ஒரு தடவை கிழித்துவிட்டேன். நேற்று அவளுக்குத் தலை சீவிவிடும்போது, டீச்சர் படத்தை மூடியபோது ஏன் படிக்கவில்லை என்று மெதுவாகக் கேட்டேன். உடனே பதில் வந்தது. "ஆஸ்பத்திரில அட்டையைக் காட்டிக் காட்டிக் கேப்பாங்கல்ல, அது மாதிரி இருந்துச்சு. தப்பாச் சொன்னா மறுபடி படுக்க வச்சுருவாங்க. சொல்லாம இருந்தா ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்றாள். அப்புறம் சீப்பு இழுத்ததற்கு ஒரு கத்து கத்திவிட்டு, "அம்மாகூட போன்ல அப்படித்தான் கேக்கறாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை போனில் விளையாட்டுப் போலக் கேட்பாயே, இன்றைக்கு என்ன கிழமை, நேற்று என்ன சட்டை போட்டாய், ஏழும் மூன்றும் எவ்வளவு என்று. ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல இருந்தேன். உன் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன், இன்னும் மோசமாகக் கேட்டிருப்பேன். அவள் போனை என் கையில் திணித்துவிட்டு ஓடும்போதெல்லாம், "என்னை மறந்துட்டாளா?" என்று நீ கேட்டாய். மறக்கவில்லை, பைத்தியமே. உன்னிடம் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பயந்து ஓடியிருக்கிறாள். உன் பழைய சேலையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டுதான் தினமும் தூங்குகிறாள்.

அதனால் உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இனிமேல் அவளை ஒன்றும் கேட்காதே. தலை ஏன் இப்படிப் பரட்டையாக இருக்கிறது என்று திட்டு. அப்பாவைப் படுத்தாதே என்று மிரட்டு. நீ பார்க்கிற நோயாளிகள் உன்னைப் படுத்துகிற பாட்டைச் சொல். வருகிற ஞாயிற்றுக்கிழமை இந்தப் புத்தகத்தை உனக்குப் படித்துக் காட்டுவாளாம், எனக்கு ஒரு வாரமாக உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறாள். திக்கினால் எடுத்துக் கொடுக்காதே. தப்பு வந்தால் திருத்தாதே. அங்கே நர்ஸ் உடையைக் கழற்றி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, அவள் அம்மாவாக மட்டும் கேள். சத்தமாகச் சிரி, அவளுக்குக் கேட்கட்டும்.

நம் பிள்ளை நன்றாக இருக்கிறாள். இனி நீயும் தூங்கு.

என்றும் உன்,
வீட்டுக்காரன்