எந்தப் பெயரைக் கூப்பிடுவார்கள்

அன்பு மகள் கலாராணிக்கு,

கர்த்தர் கிருபையால் நான் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறேன், வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீயும் குவைத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். அம்மாவை அடக்கம் செய்து நாற்பத்தொரு நாள் ஆகிவிட்டது. மழை விட்டபாடில்லை, நம் லயத்து வீட்டுக் காம்பராக் கூரையில் ஒரு தகரம் பறந்துபோய் பக்கத்து லயத்து அழகையா வந்து சரிபண்ணிக் கொடுத்தார். ஆடு குட்டி போட்டிருக்கிறது, அம்மாவைத் தவிர யாரையும் கிட்டே விடமாட்டேன் என்று என்னை முட்டுகிறது. கல்லறைக் கல்லில் எஸ்தர் என்று வெட்டச் சொல்லி நீ போனில் அனுப்பியதைப் பார்த்தேன். பதுளைக்குப் போய், கல் வெட்டுகிறவரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். கோபப்படாதே. காரணத்தைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், விஷயம் பாதியில் நின்றுவிடும்.

உன் அம்மாவின் பெயர் எஸ்தர் இல்லை மகளே. எஸ்தர் அவளுடைய அக்கா. ஹல்துமுல்லையில் உறவுக்காரர் வீட்டுக்குப் போன இடத்தில் பதினெட்டு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள், அங்கேயே புதைத்துவிட்டார்கள். உன் தாத்தா நெஞ்சுநோயால் வேலையை விட்டிருந்த நேரம், தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதிந்திருந்தவள் எஸ்தர் ஒருத்திதான். அவள் இறந்தது தெரிந்து பதிவிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டால் தோட்டம் கொடுத்த காம்பராவும் போய்விடும். அதனால் தாத்தா பதினைந்து வயதுத் தங்கச்சியைக் கொண்டுபோய்ப் பெரட்டில் நிறுத்தினார். காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் அந்த இடத்தில் எஸ்தர் என்றதும் இவள் “இருக்கேனுங்க” என்றாள். கங்காணிக்குத் தெரியும், பாவம் பார்த்து வாயைத் திறக்கவில்லை. பிறகு அடையாள அட்டை, கல்யாணப் பதிவு, உன் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அந்தப் பெயரிலேயே ஏறிவிட்டன. அவளுக்கு வைத்த பெயர் சூசானாள். யார் காதிலாவது விழுந்துவிடும் என்று பயந்து நானும் ஒருநாள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, வேதம் நான்தான் வாசித்துக் காட்டுவேன் என்பது உனக்குத் தெரியும். பரலோகத்தைக் கண்டவர்கள் சொல்லும் இடமென்றால் அவளுக்கு உயிர். எசேக்கியேல் பார்த்த சிங்காசனத்தைச் சுற்றி வானவில், எத்தனையோ காலம் கழித்து யோவான் பார்த்ததிலும் வானவில். ஏசாயா பார்த்த தூதர்களுக்கு ஆறு சிறகு, யோவான் பார்த்த ஜீவன்களுக்கும் ஆறு செட்டை. “வேற வேற மலையில நின்னவங்க ஒரே சங்கதியச் சொன்னா அது பொய்யா இருக்காதுங்க” என்பாள். ஆனால் தானியேலும் யோவானும் நியாயத்தீர்ப்புக்காகப் பெயர் எழுதிய புஸ்தகங்கள் திறக்கப்பட்டதைக் கண்டார்கள் என்று வரும் இடத்தில் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். தேத்தண்ணி போடப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மண்டு நான்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவளே வாய்விட்டுக் கேட்டாள். “அங்கயும் பேரு கூப்புடுவாங்கதானே? எஸ்தர்னா அக்கா எந்திரிச்சுப் போயிருவா. என்னைய யாருங்க கூப்புடுவா? ஒருத்தரு மட்டும் பார்த்திருந்தா கனவுன்னு விட்டுறலாம், ரெண்டு பேருல்ல அந்தப் புஸ்தகத்தப் பார்த்திருக்காங்க” என்றாள். கர்த்தருக்குத் தெரியாதா, பேசாமல் படு என்று அதட்டிவிட்டேன். அடக்கத்தில் போதகர் சகோதரி எஸ்தர் என்று ஜெபித்தபோதும் குடையைப் பிடித்துக்கொண்டு சும்மாதான் நின்றேன்.

போன வாரம் போதகரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. “மகள்கிட்டயும் ஒரு வார்த்த கேளுங்க, அவங்க பத்திரமெல்லாம் அந்தப் பேருலதானே இருக்கு” என்றார். என் பயமும் அதுதான். கல்லில் சூசானாள் என்று வெட்டி, அதனால் உன் விசாவுக்கு ஏதும் வந்துவிட்டால் என்ன செய்வது? நீ வேண்டாம் என்றால் எஸ்தர் என்றே இருக்கட்டும், எனக்கு வருத்தமில்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் பொறுத்துக்கொள்வேன். ஒற்றை வரி பதில் போதும். வெயிலில் தலையை மூடிக்கொண்டு போ, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

ஒன்றை எழுதாமல் விட்டால் மனம் ஆறாது. கடைசி நாள் காலையில் தாதி அந்தப் பக்கம் போனதும் அவள் காதருகே குனிந்து, சூசானாள் என்று கூப்பிட்டேன். முப்பது வருஷத்தில் முதல் தடவை. கண் திறக்கவில்லை. “இருக்கேனுங்க” என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

நீயும் அங்கே ஒரு தடவை வாய்விட்டு அந்தப் பெயரைச் சொல்லு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

இப்படிக்கு,
சூசானாளின் புருஷனும் உன் அப்பாவுமான
தயாபரன்